ஆற்றங்கரையில் 20 மீட்டர்: இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வேலையை விட்டு நின்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் 1986ல் இரண்டே முக்கால் ஏக்கர் நிலம் வாங்கினார். ஒரு பக்கம் சாலை, இன்னொரு பக்கம் ஆறு. செம்பனை போட்டிருக்கிறோம். அப்பா தவறிய பிறகு கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) என் பெயரிலும் தம்பி பெயரிலும் மாறியது. ஆளுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று சாலையோரப் பகுதியை வீட்டு நிலமாக மாற்ற மனுப் போட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு பதில் வந்தது. ஆற்றங்கரையிலிருந்து 20 மீட்டர் நிலத்தை ஆற்று ரிசர்வாக, இழப்பீடு இல்லாமல் அரசுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் அனுமதியாம். ஆற்றுப் பக்கம் எங்கள் நிலம் 110 மீட்டர் நீளம். அங்கே காய்க்கிற மரம் மட்டும் முப்பது இருக்கும். ஆறு ஒரு பன்னிரண்டு மீட்டர் அகலம் இருக்கலாம் என்கிறான் தம்பி. கவுண்டரில் விசாரித்தால், “இது சுற்றுச்சூழல் விதி, எல்லாருக்கும் இதுதான், கையெழுத்துப் போடாவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம், அங்கே இருக்கிற மரங்களையும் வெட்ட வேண்டி வரும்” என்கிறார்கள். கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அரசாங்கத்தோடு நமக்கு என்ன வம்பு, போட்டுக் கொடுத்துவிடு என்று அம்மா அழுகிறார். என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: சகோதரி, வணக்கம். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் அரசிடம் ஒப்படைப்பதற்கான பாரம் 12பி. அதில் நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது நீங்களே விரும்பிக் கொடுத்த நிலம். அதற்குப் பிறகு இழப்பீடு கேட்டு எந்த நீதிமன்றத்தின் கதவையும் தட்டுவது கடினம். ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 110 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்றால் 2,200 சதுர மீட்டர். அரை ஏக்கருக்கும் மேல். உங்கள் அப்பா வாங்கிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த 20 மீட்டர் எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கவுண்டரில் யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும். 20 முதல் 40 மீட்டர் வரை என்றால் 40 மீட்டர். 10 முதல் 20 வரை என்றால் 20. 5 முதல் 10 வரை என்றால் 10. அதற்கும் சின்ன ஆறு என்றால் 5 மீட்டர். உங்கள் கடிதத்தில் இருக்கும் 20 இங்கிருந்துதான் வருகிறது. இது ஒரு துறை தன் வேலைக்காக எழுதி வைத்த வழிகாட்டி. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டம் கிடையாது. இதை மட்டும் காட்டி ஒருவருடைய கிராண்டிலிருந்து நிலத்தை வெட்டி எடுக்க முடியாது.

ரிசர்வ் நிலத்தைப் பற்றிச் சொல்வது தேசிய நிலச் சட்டம், 1965ல் வந்தது. அதன் 62வது பிரிவின்படி மாநில அரசு கெசட்டில் அறிவித்து ஒரு நிலத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்கக்கூடியது அரசு நிலத்தை மட்டும்தான். கிராண்ட் உள்ள தனியார் நிலத்தை அந்தப் பிரிவின்கீழ் ஒதுக்க வழியில்லை. முதலில் அது அரசு நிலமாக வேண்டும். அப்படி ஆவதற்கு வழிகள் மிகக் குறைவு. உரிமையாளர் தானாகக் கொடுக்கலாம். நில வரி கட்டாமலோ கிராண்டின் நிபந்தனையை மீறியோ பறிமுதல் ஆகலாம். இல்லையென்றால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ், பணம் கொடுத்து எடுக்கலாம். அப்படி எடுத்தால் சந்தை விலை தர வேண்டும். மிச்ச நிலத்துக்கு ஏற்படும் சேதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொகை போதாது என்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். உங்களுக்கு வந்த கடிதம் இந்தக் கடைசி வழியைத் தவிர்க்கிறது. ‘நீயாகக் கொடு’ என்ற முதல் வழியை நிபந்தனையாக மாற்றிவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

கூட்டரசு அரசியலமைப்பின் 13வது விதி தெளிவாகச் சொல்கிறது: போதிய இழப்பீடு தராமல் ஒருவருடைய சொத்தைக் கட்டாயமாக எடுக்கவோ பயன்படுத்தவோ எந்தச் சட்டமும் வகை செய்யக் கூடாது. அப்படியென்றால் வழக்குப் போட்டால் ஜெயித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு எளிதில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துத் தொழில் நடத்தி வந்தார்கள். சட்டம் திருத்தப்பட்டு, அந்த வேலையைத் துறைமுக அதிகாரத் தரப்பின் ஆட்கள் மட்டுமே செய்யலாம் என்று ஆனது. தொழில் போனதற்கு இழப்பீடு கேட்டுச் சங்கம் வழக்குப் போட்டது. கூட்டரசு நீதிமன்றத்தில் சங்கம் ஜெயித்தது. ஆனால் அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1977ல் அதை மாற்றியது. அரசு ஒரு தடை போட்டதாலேயே சொத்தை எடுத்துக்கொண்டதாக ஆகிவிடாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. இன்றைக்கும் அரசுத் தரப்பு இதைத்தான் எடுத்து வைக்கும். ‘இங்கே கட்டாதே’, ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என்று தடை போட்டால், நிலத்தின் விலை இறங்கினாலும் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

ஆனால் உங்கள் கடிதம் ‘கட்டாதே’ என்பதோடு நிற்கவில்லை. ‘கொடு’ என்கிறது. இரண்டும் வேறு.

இங்கே நமக்குக் கை கொடுப்பது ஸ்ரீ லெம்பா எண்டர்பிரைஸ் வழக்கு. 1978ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் தன் நிலத்தைப் பிரிக்கவும் பயன்பாட்டை மாற்றவும் மனுப் போட்டது. நிரந்தர உரிமையுள்ள கிராண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 99 வருடக் குத்தகைக்கு ஒப்புக்கொண்டால் அனுமதி தருகிறோம் என்றது அதிகாரத் தரப்பு. ‘தகுந்ததாகக் கருதும் எந்த நிபந்தனையும் போடலாம்’ என்று நிலச் சட்டத்தின் 124வது பிரிவில் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போடும் நிபந்தனை, கேட்கும் மேம்பாட்டோடு நியாயமான தொடர்பு உடையதாக இருக்க வேண்டும் என்றது. சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, எல்லை இல்லையென்றால் அது சர்வாதிகாரம் என்று அந்தத் தீர்ப்பில் எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பின்னாளில் நம் பேராக்கின் சுல்தானாக இருந்தவர். நீங்கள் மனுப் போட்டிருப்பதும் அதே 124வது பிரிவின்கீழ்தான்.

உங்கள் வழக்கில் அரசுத் தரப்பு என்ன சொல்லும்? வீடு கட்டினால் மழைநீர் ஆற்றுக்குத்தான் போகும், வெள்ளம் வந்தால் உங்களைத்தான் காப்பாற்ற வேண்டும், ஆகவே கரையை விடச் சொல்வதற்கும் மனுவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்லும். அது சொத்தையான வாதமில்லை. ஆனால் நீங்கள் மாற்றக் கேட்பது சாலையோரம். ஆறு நிலத்தின் மறுகோடியில். அங்கே கட்டடமே வராதபோது, கட்டக் கூடாது என்ற தடை போதாதா, உரிமையையே ஏன் பறிக்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு நல்ல இடமிருக்கிறது.

சுற்றுச்சூழல் விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1993ல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மண்ணோடு போனார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது நம் குடும்பங்கள் எத்தனை வீட்டு மாடியில் நின்றன என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆற்றை நெருக்கிக் கட்டக் கூடாது. மலையைக் கண்டபடி வெட்டக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

என் மறுப்பு இந்த முறையைப் பற்றியது. மனுப் போடுகிறவரிடம் மட்டும் கரையைப் பிடுங்கினால் ஆறு எப்படிக் காப்பாற்றப்படும்? உங்களுக்கு மேலே இருக்கும் நிலக்காரர் எதற்கும் மனுப் போடவில்லை, அவர் கரையில் செம்பனை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கீழே இருப்பவரும் அப்படித்தான். நடுவில் உங்கள் 110 மீட்டர் மட்டும் ரிசர்வ். கிழிந்த கொசுவலையில் ஒரு சாண் துணியைத் தைத்த கதைதான். ஆற்றைக் காக்கும் எண்ணம் உண்மையாக இருந்தால், அந்த ஆற்றை மேலிருந்து கீழ்வரை அளந்து, எவ்வளவு கரை தேவை என்று முடிவு செய்து, கெசட்டில் போட்டு, எல்லாரிடமும் ஒரே மாதிரி, பணம் கொடுத்து எடுக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளாமல், வீடு கட்ட ஆசைப்பட்ட ஒரு அக்கா தம்பியின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. திருப்பிக் கொடுத்த கரையை அப்புறம் யார் பார்க்கிறார்கள்? நாலே வருடத்தில் புதர் மண்டும், பழைய மெத்தையும் டயரும் வந்து விழும். நிலக்காரர் கையில் இருந்தால் அவர் அதை விடமாட்டார்.

நம்மவர்களுக்கு நிலம் என்றால் என்ன என்பதையும் இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. சுங்கை சிப்புட்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். லயத்தில் பிறந்து லயத்திலேயே முடிகிற வாழ்க்கையிலிருந்து வெளியே வர நிலம் ஒன்றுதான் வழி என்று அந்தத் தலைமுறை நம்பியது. உங்கள் அப்பா ஓய்வுப் பணம் முழுவதையும் அதில் போட்டதும் அந்த நம்பிக்கையில்தான். வரைபடத்தில் ஒரு கோடு போடும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கோடு போடுவதற்கு முன் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைப் பிடித்து ஆற்றை அளக்கச் சொல்லுங்கள். தம்பியின் கண்ணளவு போதாது. பன்னிரண்டு மீட்டர் என்று நினைப்பது அளந்தால் ஒன்பதரையாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த வழிகாட்டியின்படியே 20 மீட்டர் இல்லை, 10 மீட்டர்தான். பாதி நிலம் அங்கேயே தப்பிவிடும். அடுத்தது, உங்கள் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய கிராண்டுகளில் பல, ஆற்றுக்கும் லாட்டுக்கும் (கிராண்டில் உள்ள நிலத் துண்டுக்கும்) நடுவே கொஞ்சம் அரசு நிலத்தை ஏற்கெனவே விட்டிருக்கும். வழிகாட்டியின் அளவு கரையிலிருந்து தொடங்குகிறது, உங்கள் எல்லையிலிருந்து இல்லை. நடுவே ஆறு மீட்டர் இருந்தால் உங்களிடம் கேட்க மிச்சம் பதினாலுதான். நில அளவைத் துறையில் கிடைக்கும் சான்றிட்ட பிளானில் இதைச் சர்வேயர் சரிபார்ப்பார். இதில் கவலைப்படவும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆறே எல்லையாக உள்ள நிலத்தில், ஆறு கரையை அரித்து உள்ளே வந்திருந்தால், தண்ணீர் போன பகுதி நிலச் சட்டத்தின் 49வது பிரிவின்படி அரசு நிலமாகிவிடும். நாற்பது வருடத்தில் ஆறு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பேராக்கில் செல்லுபடியாகும் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் ஒன்று உண்டு. ஆற்றங்கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் அனுமதி இல்லாமல் கட்டடம் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது. ஐம்பது அடி என்றால் 15 மீட்டர் சொச்சம். இதை மதியுங்கள். ஆனால் பாருங்கள், நூறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சட்டம்கூட ‘அனுமதி இல்லாமல் கட்டாதே’ என்றுதான் சொல்கிறது. நிலத்தை எழுதிக் கொடு என்று சொல்லவில்லை.

இதை வைத்துத்தான் உங்கள் பதில் கடிதத்தை எழுதச் சொல்வேன். கரையில் வீடு, கொட்டகை, சுவர் எதுவும் கட்டமாட்டோம். அந்தப் பகுதியைப் பிளானில் கட்டடமில்லாப் பகுதியாகக் குறித்துத் தருகிறோம். அதை அனுமதியின் நிபந்தனையாகவே போட்டுக்கொள்ளுங்கள். உரிமை மட்டும் எங்களிடமே இருக்கட்டும். அரசுக்கு உரிமையும் வேண்டும் என்றால் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்றைக் கேளுங்கள்: அந்த ஆற்றுக்கு ரிசர்வ் கெசட் ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தால் எண் என்ன, எங்கள் லாட்டில் 20 மீட்டர் என்பதை யார் எப்போது அளந்தார்கள். கவுண்டரில் சொன்னதெல்லாம் காற்றோடு போகும். எழுத்தில் வந்தால்தான் பிடிக்க முடியும்.

மரங்களை வெட்ட வேண்டாம். கிராண்ட் உங்கள் பெயரில் இருக்கும்வரை குலை உங்களுடையது. ‘வெட்ட வேண்டி வரும்’ என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. ஆனால் கரையோர வரிசைகளில் புல் மருந்து அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். புல்லையும் மூங்கிலையும் விட்டுவிடுங்கள். மண்ணைப் பிடித்து வைப்பது அதுதான். ‘நாங்கள் கரையைக் காக்கிறோம்’ என்று கடிதத்தில் எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையா? நல்லதாக நாலு புகைப்படம் எடுத்து, தேதி போட்டு இணையுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றவே வேண்டுமா? விவசாயக் கிராண்டில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள 115வது பிரிவு இடம் தருகிறது. நிலம் ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, மேல் இருந்தால் கட்டடங்கள் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். இரண்டு வீடு தாராளமாக அடங்கும். ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதியும் கட்டடப் பிளான் அனுமதியும் அப்போதும் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. விவசாய நிலத்தில் வீடு கட்ட வங்கிகள் கடன் தரத் தயங்கும். அதனால் இது கையில் பணம் வைத்துக் கட்டுகிறவர்களுக்கே ஒத்துவரும். அக்கா தம்பி தனித்தனி கிராண்ட் வேண்டும் என்றால் நிலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். விவசாய நிலத்தில் ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டருக்குக் குறையக் கூடாது. இப்போது உங்களுக்கு ஆளுக்கு 0.55 வரும். 20 மீட்டரைக் கொடுத்துவிட்டால் ஆளுக்கு 0.45க்கும் கொஞ்சம் குறைவு. சாலையை விரிக்க இன்னும் கொஞ்சம் போனால் பிரிக்கவே முடியாமல் போகலாம். பிரிக்க மனுப் போட்டாலும் இதே கரைப் பேச்சு வரத்தான் செய்யும். அப்போதும் பதில் இதேதான்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். மாநில அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்பதற்கு, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதம்தான். நில நிர்வாகியின் முடிவாக இருந்தால் 418வது பிரிவின்கீழ் மேல்முறையீடு, அதற்கும் மூன்று மாதம். யாருடைய முடிவு என்பது கடிதத்தின் வாசகத்தைப் பார்த்தால் தெரியும். ஐந்து வாரம் போய்விட்டது. பதில் கடிதம் போட்டுவிட்டோமே, அவர்கள் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கடிகாரம் நிற்காது. சர்வேயரை இந்த வாரமே பாருங்கள், கடிதத்தை இரண்டு வாரத்துக்குள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எட்டாவது வாரத்தில் பதில் இல்லையென்றால் நில வழக்குப் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஃபைலோடு போங்கள்.

‘நான் முடித்துத் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்’ என்று ஒரு ஏஜெண்ட் வருவார். உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் முடித்துத் தருவது பெரும்பாலும் அந்த 12பி பாரத்தைத்தான். கோபத்தில் நில வரியையும் நிறுத்திவிடாதீர்கள். கட்டாமல் விட்டால் பாக்கியைக் கேட்டு 6ஏ நோட்டீஸ் வரும், மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் முழு நிலமும் பறிமுதல் ஆகலாம். இருபது மீட்டருக்காகப் போராடி இரண்டே முக்கால் ஏக்கரை இழக்கக் கூடாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது அரசாங்கத்தோடு வம்பு இல்லை. நிபந்தனைக்கு எழுத்தில் மறுப்புச் சொன்னதற்காக யாரும் கைதாவதில்லை, கிராண்டும் ரத்தாவதில்லை. ஆக மோசமாகப் போனால் மனு நிராகரிக்கப்படும். அப்படி ஆனாலும் நிலம் இன்றைக்கு இருப்பது போலவே உங்கள் இருவர் பெயரில் இருக்கும், புதிதாக மனுப் போடலாம். கடிதம் வந்த உறை இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் தபால் முத்திரையின் தேதி, அந்த மூன்று மாதம் எப்போது தொடங்கியது என்று காட்ட உதவும்.